ஆயாக் கொட்டகை முதல் தாஸ்கா வரை: ஆயாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நல்ல இடம் தேடி அலைவது இக்காலத்துப் பெற்றோரின் கவலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "அந்தக் காலத்தில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், பிள்ளை தானாக வளர்ந்தது" என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு. அது பாதி உண்மைதான். கடல் கடந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தாய்மார்கள் பலருக்குப் பக்கத்தில் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. அவர்கள் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். கைப்பிள்ளையை வேறு ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் இந்த நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள்.

அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இன்று ஒரு பராமரிப்பு மையத்தின் வாசலில் நின்று கட்டணம் விசாரிக்கும் பெற்றோருக்கு ஓர் உண்மை புலப்படும். பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது. பார்ப்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதே அது.

பிரட்டுக்கு முன் எழுந்த தாய்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிரில்தான். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். ஆகவே பொழுது விடியுமுன்பே பிரட்டு. பெயர் பதிந்து, நிரைக்குப் போய், மரம் வெட்டி, பிறகு கோப்பை கோப்பையாகப் பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்ப நண்பகல் ஆகிவிடும். கணவன் மனைவி இருவரும் வெட்டினால்தான் குடும்பம் நடக்கும். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஒருவர் கூலியில் வயிறு நிறையாது.

பெண்ணின் உழைப்பு தோட்டத்துக்கும் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்த பிறகு, கங்காணிகள் வழியாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். மனைவி மக்களோடு இருக்கும் தொழிலாளி தோட்டத்தைவிட்டு எளிதில் ஓடமாட்டான் என்பது துரைமார்களின் கணக்கு.

1922ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தன் மக்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. போகும் நாட்டில் நிலைமை சரியில்லை என்றால் ஆள் அனுப்புவதை நிறுத்தவும் அதில் வழி இருந்தது. அந்த நெருக்குதலுக்குப் பிறகு 1923ஆம் ஆண்டில் மலாயாவில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. பேறுகால உதவி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி, கைப்பிள்ளைகளுக்குப் பராமரிப்பு இடம் ஆகியவை முதலாளியின் கடமைகளாக அதில் இடம்பெற்றன. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். அதே சட்டத்தின் இன்னொரு பிள்ளையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதுதான் ஆயாக் கொட்டகை.

ஏணைகள் தொங்கிய கொட்டகை

ஆயாக் கொட்டகை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. சில இடங்களில் சிமெண்டுத் தரையும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. சில இடங்களில் தகரக் கூரையும் நான்கு தூண்களுமே கொட்டகை. விட்டத்தில் ஏணைகள் தொங்கும். தவழும் பிள்ளைகள் தரையில், நடக்கும் பிள்ளைகள் வாசலில். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத வயதை எட்டிய பெண்மணியே அந்த வேலையில் அமர்த்தப்படுவார். அவருடைய கூலி தோட்டத்துக் கணக்கில் இருந்து வந்தது. பெற்றோர் கையில் இருந்து போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இருந்தது ஒரே கொட்டகை, ஒரே ஆயா. பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் அவர்களிடம் வேறொன்று இருந்தது. ஆயாவை அவர்களுக்குத் தெரியும். அவர் அதே லயத்தில் குடியிருந்தார். அவருக்குக் கோபம் வருமா, கை சுத்தமா, பிள்ளை அழுதால் தூக்குவாரா என்பது குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தவறு நடந்தால் மாலைக்குள் பேச்சு பரவிவிடும். கிராணியிடமும் புகார் போகும்.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாரும் எண்ணிப் பார்த்து நிறுத்தவில்லை. ஆயாவுக்குப் பயிற்சி கிடையாது. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். கொட்டகையை நம்பாத வீடுகளிலும், கொட்டகை சரியாக நடக்காத தோட்டங்களிலும், மூத்த பெண்பிள்ளையே ஆயா ஆனாள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளியைவிட்டு நின்றாள். குழந்தைப் பராமரிப்புக்கு நம் சமூகம் கொடுத்த விலையில் அந்தப் பெண்பிள்ளைகளின் படிப்பும் அடங்கும். அந்தக் கணக்கை எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை.

ரோம் நகரில் ஒரு குடியிருப்பு

தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் செல்வம் உள்ளவர்கள் பணம் கொடுத்த கதை தோட்டங்களோடு முடிந்துவிடவில்லை. இன்று நகரத்துப் பெற்றோர் பெருமையாகச் சொல்லும் ஒரு பெயரும் அப்படித்தான் தொடங்கியது.

இத்தாலியின் ரோம் நகரில் சான் லோரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் புதுப்பித்த ஒரு நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது செலவு குறைவு என்று நிறுவனம் கணக்குப் போட்டது. அந்தப் பொறுப்பை ஒரு பெண் மருத்துவரிடம் கொடுத்தது. அவர்தான் மரியா மாண்டிசோரி. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி அந்தக் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

பிள்ளைகள் எதை விரும்பித் தொடுகிறார்கள், எதில் நெடுநேரம் லயித்துப் போகிறார்கள் என்று மாண்டிசோரி உட்கார்ந்து கவனித்தார். அந்தக் கவனிப்பில் இருந்து பிறந்ததே அவருடைய முறை. 1939ஆம் ஆண்டில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. தமிழகத்தில் மாண்டிசோரி என்ற சொல் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று அந்தப் பெயர் பெயர்ப்பலகைகளில் விலை உயர்ந்த பெயராகிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஆசிரியர் அந்த முறையில் பயின்றவரா, எங்கே பயின்றார் என்று கேட்காமல் பலகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது பயன் தராது.

தோட்டம் போய் நகரம் வந்தது

மலாயாத் தோட்டங்களின் கதைக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்ட வாழ்க்கை மெல்ல மெல்லக் கலைந்தது. சில தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. நகரங்களுக்கு அருகில் இருந்தவை வீடமைப்புப் பகுதிகளாயின. இன்றைய சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் 1970களில் எழுந்த நகரம்தான்.

அதே காலத்தில் தொழிற்சாலைகள் வந்தன. 1972ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. மின்னியல் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை வேலைக்கு எடுத்தன. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களின் பெண்களும் அதில் அடங்குவர். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை வேலை.

தோட்டத்துக்கு மரம் வெட்டும் தாய் எப்படித் தேவைப்பட்டாளோ, அப்படியே தொழிற்சாலைக்கும் அவளுடைய கை தேவைப்பட்டது. ஆனால் ஆயாக் கொட்டகை தொழிற்சாலைக்குக் கூடவே வரவில்லை. லயத்துக்கு அருகிலேயே இருந்த ஆயாவும் வரவில்லை. முதலாளியின் கணக்கில் இருந்த செலவு, சத்தமில்லாமல் தாயின் கைப்பைக்கு மாறிவிட்டது.

நகரத்தில் தாய்மார்கள் புதிய ஆயாவைத் தேடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வரிசை அம்மா. "பிள்ளையை ஆயா வீட்டில் விட்டுவிட்டேன்" என்று இன்றும் பேச்சு வழக்கில் சொல்கிறோம். கொட்டகை மறைந்தாலும் சொல் மறையவில்லை. நல்ல ஆயா கிடைத்தவர்களுக்கு அவர் குடும்பத்தில் ஒருவரானார். கிடைக்காதவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத அச்சத்தோடு வேலைக்குப் போனார்கள். ஏனெனில் அடுக்குமாடியில் கதவு மூடியிருக்கும். உள்ளே நடப்பதைச் சொல்லக் குழாயடியும் இல்லை.

சட்டம் எண்ணத் தொடங்கியது

1984ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தை இயற்றியது. 308ஆம் எண் சட்டம் என்பது அதுவே. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடம், சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். மலாயில் இதையே தாஸ்கா என்கிறோம். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே நடத்தலாம். ஆனால் அதற்கும் பதிவு வேண்டும். மூன்று பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். நான்காவது பிள்ளை வந்தால் அவரும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

ஆயாக் கொட்டகையில் யாரும் எண்ணாததை இந்தச் சட்டமும் அதன் விதிகளும் எண்ணத் தொடங்கின. 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் ஐவருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். பராமரிப்பாளர்கள் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும் என்பதும் நிபந்தனையானது.

நான்கு வயதுக்கு மேல் கதை வேறு இலாகாவுக்குப் போகிறது. தாடிக்கா எனப்படும் பாலர் பள்ளிகளை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. அதற்கு முன்பே கெமாஸ் பாலர் வகுப்புகள் கிராமப்புறங்களில் நடந்துவந்தன. 1992ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு தொடக்கப் பள்ளிகளோடு பாலர் வகுப்புகளை இணைக்கத் தொடங்கியது. தமிழ்ப் பள்ளி வளாகங்களிலும் அத்தகைய வகுப்புகள் வந்தன. 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் அரசாங்கப் பாலர் பள்ளிகளுக்கும் தனியார் பாலர் பள்ளிகளுக்கும் கட்டாயமானது. தமிழில் பாலர் கல்வி நடத்தவும் அதில் இடமுண்டு. மலாய்மொழி கட்டாயப் பாடம்.

ஆகவே பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லை என்றால் சமூக நல இலாகாவின் சான்றிதழைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் என்றால் கல்வி அமைச்சின் பதிவைக் கேட்க வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டும் நடந்தால் இரண்டையும் கேட்க வேண்டும். பதிவில்லாத இடங்களில் பச்சிளம் பிள்ளைகள் உயிரிழந்த செய்திகள் நாளேடுகளில் வந்ததுண்டு. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்கு

சான்றிதழைப் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன? "அங்கே மாதம் 350 ரிங்கிட்தான், இங்கே 700 கேட்கிறார்கள்" என்று பெற்றோர் ஒப்பிடத் தொடங்குவார்கள். அந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதற்கு முதலாளி செலுத்த வேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து 1,921. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் என்றால், ஒரு பிள்ளையின் பங்கு ஏறத்தாழ 640 ரிங்கிட். இது சம்பளம் மட்டும்தான். வாடகை, மின்சாரம், உணவு, சோப்பு எதுவும் இதில் சேரவில்லை. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை வாரத்துக்கு ஐந்து நாள் திறந்திருக்கும் மையம் 60 மணி நேரம் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு முதல் சட்டப்படி ஒருவருடைய வார வேலை 45 மணி நேரம்தான். மீதி நேரத்துக்கு இன்னொருவர் வேண்டும்.

அப்படியானால், கைப்பிள்ளைக்கு 350 ரிங்கிட் வாங்கும் இடம் எப்படி நடக்கிறது? வெளியில் இருந்து உதவித்தொகை வர வேண்டும். அல்லது மூன்று பிள்ளைகளுக்குப் பதில் ஆறோ எழோ பிள்ளைகள் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பராமரிப்பாளருக்குச் சேரவேண்டிய சம்பளம் சேரவில்லை. அதிகக் கட்டணம் வாங்கும் இடமெல்லாம் நல்ல இடம் என்று இதற்குப் பொருளல்ல. சுவரில் வண்ணம் பூசவும் பெயர் வாங்கவும் பணம் போகலாம். ஆனால் மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது உறுதி. அது பராமரிப்பாளராக இருக்கலாம். பிள்ளையாகவும் இருக்கலாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

தோட்டத்துத் தாய்க்குத் தேர்வு இல்லை, ஆனால் கண் இருந்தது. நகரத்துத் தாய்க்குத் தேர்வு இருக்கிறது, கண் மறைந்துவிட்டது. அந்தக் கண்ணைத் திரும்பப் பெறுவதே ஒரு மையத்தை மதிப்பிடுவது என்பதன் பொருள்.

திறப்பு நாளிலும் கலைநிகழ்ச்சி நாளிலும் எல்லா மையங்களும் அழகாகத்தான் இருக்கும். பகல் 12 மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சோறு ஊட்டும் நேரம், துணி மாற்றும் நேரம், தூங்க வைக்கும் நேரம் அது. எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ண வேண்டும். சமையல்காரரையும் அலுவலகத்தில் இருப்பவரையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பால் புட்டியைக் கையில் பிடித்துக் கொடுக்கிறார்களா, தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுப் போகிறார்களா என்று கவனிக்க வேண்டும். அழும் பிள்ளையிடம் யார் போகிறார், எவ்வளவு நேரத்தில் போகிறார் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி மிக முக்கியமானது: "இங்கே வேலை செய்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்?" மூன்று மாதத்துக்கு ஒரு முகம் மாறினால், பிள்ளை யாரிடம் ஒட்டும்? தோட்டத்து ஆயாவுக்குப் பயிற்சி இல்லை என்றாலும், பிள்ளை நடக்கத் தொடங்கும்வரை அதே முகம் இருந்தது. இன்று பயிற்சி இருக்கிறது. ஆனால் சம்பளம் போதாமல் ஆட்கள் விலகிவிடுகிறார்கள்.

பாலர் பள்ளிக்கு வந்துவிட்டால் பெற்றோர் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது. "எத்தனை எழுத்து கற்றுக்கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அந்த வயதில் வீட்டுப்பாடப் புத்தகத்தின் எடையைவிட, பிள்ளை மாலையில் வந்து தானாக எதைச் சொல்கிறது என்பதே நல்ல அளவுகோல். ஆசிரியை பெயர், தோழன் பெயர், பாடிய பாட்டு, விழுந்த இடம் என்று பேசும் பிள்ளைக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. திடீரென்று பேச்சை நிறுத்திய பிள்ளையின் மௌனத்தையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னோர் இடம்

அரசாங்கமும் இந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாஸ்கா, தாடிக்கா கட்டணத்துக்கு 2017ஆம் ஆண்டில் 1,000 ரிங்கிட் வரிவிலக்கு அறிமுகமானது. 2020ஆம் ஆண்டில் அது 3,000 ரிங்கிட் ஆனது. பதிவு பெற்ற இடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத தாய்க்கு வரிவிலக்கால் பயனில்லை. அவளுக்குத்தான் நல்ல இடம் மிகவும் தேவைப்படுகிறது.

ஆகவே பழைய கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குழந்தைப் பராமரிப்பு இடம் முதலாளியின் பொறுப்பாகவே எழுதப்பட்டது. தோட்டத்துக்குப் பொருந்திய நியாயம், ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கும் வணிக வளாகத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏன் பொருந்தக் கூடாது? வேலையிடத்திலேயே தாஸ்கா அமைக்கச் சட்டத்தில் தடையில்லை. சில நிறுவனங்கள் அமைத்தும் இருக்கின்றன. அமைக்காத இடங்களில் தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பள உயர்வைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம். ஒரு தாய் தனியாகக் கேட்டால் அது சலுகை. நூறு பேர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.

அதுவரை, மாதக் கட்டணத்தைக் கொடுக்கும்போது பெற்றோர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் கட்டடத்துக்கோ பெயர்ப்பலகைக்கோ கொடுப்பது அல்ல. தங்கள் பிள்ளை அழும்போது தூக்கும் இரண்டு கைகளுக்குக் கொடுப்பது. அந்தக் கைகளுக்கு உரியவரின் பெயர் என்ன, அவர் கையில் போய்ச் சேர்வது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தவறில்லை.